பிங் போகிறது, பக்கம் வரவில்லை: டர்பனில் ஒரு தனியார் கிளவுட், மூன்று இரவுகள்

2023 ஆடி மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் பராமரிக்கும் தனியார் கிளவுடில், அதாவது எங்கள் சர்வர்களில் வாடிக்கையாளர்களின் மென்பொருளை ஓட்டும் அமைப்பில், ஒரு நெட்வொர்க் கோளாறு வந்தது. வெள்ளி இரவு தொடங்கியது, திங்கள் அதிகாலையில் முடிந்தது. காரணம் தெரிந்தபின் சேவையை மீட்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு நாளும் காரணத்தைத் தேடுவதிலேயே போயின. அதைவிட மனதை உறுத்துவது வேறொன்று: சரியான சந்தேகம் சனிக்கிழமை காலையிலேயே எங்களுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு சோதனை செய்து பார்த்து, "இது இல்லை" என்று நாங்களே அதைத் தள்ளிவிட்டோம். அந்த ஒரு சோதனையைப் பற்றிச் சொல்லத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அமைப்பு. உம்லாங்காவில் ஒரு சிறிய சர்வர் அறை. எட்டு கம்ப்யூட் நோட்கள் (வேலைகளை ஓட்டும் சர்வர்கள்), மூன்று கன்ட்ரோல் நோட்கள் (அவற்றை நிர்வகிப்பவை). ஓப்பன்ஸ்டாக் (கிளவுடை நிர்வகிக்கும் மென்பொருள்), கேவிஎம் (மெய்நிகர் கணினிகளை ஓட்டுவது), ஓப்பன் விஸ்விட்ச் (அவற்றை நெட்வொர்க்கில் இணைப்பது). அதன்மேல் நூற்று நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவாக விஎம்கள், அதாவது ஒரு சர்வருக்குள் தனித்தனிக் கணினிபோல ஓடும் மெய்நிகர் கணினிகள். பெரும்பாலும் சிறு மருத்துவமனைகளின் முன்பதிவு மென்பொருளும், கடைகளின் சரக்குக் கணக்கும். ஒவ்வொரு நோட்டிலிருந்தும் இரண்டு கேபிள்கள் கிளம்பும். ஒன்று ரேக்கின் மேல் சுவிட்சுக்கு, இன்னொன்று கீழ் சுவிட்சுக்கு. இரண்டும் சேர்ந்து ஒரே இணைப்பாக, எல்ஏசிபி பாண்டாக இயங்கும். எந்தப் பாக்கெட் (தரவின் ஒரு சிறு பொட்டலம்) எந்தக் கேபிளில் போக வேண்டும் என்பதை நோட் ஒரு ஹாஷ் கணக்குப் போட்டு முடிவு செய்யும்: அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி, இரண்டு பக்கத்துப் போர்ட் எண்கள் (கணினிக்குள் எந்த இணைப்பு என்று காட்டும் எண்கள்). அந்த நான்கும் மாறாதவரை பாதையும் மாறாது. இந்த ஒரு வரிதான் பின்னால் எல்லாவற்றையும் விளக்கியது.

விஎம்களுக்கு இடையிலான போக்குவரத்து விஎக்ஸ்லான் வழியாகப் போகிறது. ஒரு விஎம் அனுப்பும் பாக்கெட்டை நோட் அப்படியே எடுத்து இன்னொரு உறைக்குள் போட்டு, 4789 என்ற யூடிபி போர்ட்டுக்கு அனுப்பும். அந்த வெளி உறைக்கு எடை உண்டு. பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் முகவரிப் பகுதியைத் தலைப்பு என்பார்கள். உள்ளே இருக்கும் ஈதர்நெட் தலைப்பு 14 பைட், விஎக்ஸ்லான் தலைப்பு 8, யூடிபி 8, வெளி ஐபி 20. மொத்தம் 50. அதனால் விஎம் 1500 பைட் பாக்கெட் அனுப்பினால், கேபிளில் அது 1550 பைட் ஐபி பாக்கெட்டாக ஓடும். சுவிட்ச் 1500-க்கு மேல் ஏற்காது என்றால், விஎம்களின் எம்டியுவை (ஒரு பாக்கெட்டுக்கு அனுமதிக்கும் உச்ச அளவை) 1450 ஆகக் குறைக்க வேண்டும். ஓப்பன்ஸ்டாக்கின் நெட்வொர்க் பகுதியான நியூட்ரான் இயல்பாக அப்படித்தான் செய்யும். முகவரி வழங்கும் டிஹெச்சிபி வழியாக விஎம்முக்கு 1450 என்று சொல்லிவிடும்.

நாங்கள் அந்த இயல்பை மாற்றியிருந்தோம். எங்கள் விஎம்கள் பலவற்றில் டாக்கர் (செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) இயங்குகிறது. டாக்கரின் உள் நெட்வொர்க்கான பிரிட்ஜ் தானாக 1500 என்றே எழும். வெளியே 1450, உள்ளே 1500 என்று இருந்ததில் கன்டெய்னர்கள் அடிக்கடி தொங்கின. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் போய் "உங்கள் டாக்கர் அமைப்பை மாற்றுங்கள்" என்று சொல்லி மாளவில்லை. அதனால் சுவிட்சுகளில் எம்டியுவை 9216 ஆகவும், நோட்களில் 9000 ஆகவும் உயர்த்தி, விஎம்களுக்கு முழு 1500 கொடுத்தோம். அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் மின்சாரம். தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு லோட் ஷெட்டிங்கை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தேவைக்கு ஏற்ற உற்பத்தி இல்லாதபோது பகுதி பகுதியாக, முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவார்கள். நிலை 1 என்றால் நாடு முழுவதும் 1000 மெகாவாட் குறைக்கிறார்கள் என்று பொருள். நிலை 6 என்றால் 6000. 2023-ல் பெரும்பாலான நாட்கள் ஏதோ ஒரு நிலையில்தான் ஓடின. அப்போது டர்பனில் ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம் போகும். சாலையில் சிக்னல் விளக்குகள் அணைந்துவிடும், கடைகளின் வாசலில் ஜெனரேட்டர்கள் இரையத் தொடங்கும். சர்வர் அறைக்கு ஜெனரேட்டர் இருக்கிறது. அது எழுந்து நிற்பதற்குப் பதினைந்து வினாடி ஆகும். அந்தப் பதினைந்து வினாடியைத் தாங்குவது யூபிஎஸ் பேட்டரியின் வேலை. ஒரு நாளில் இரண்டு மூன்று முறை வடிந்து, முழுதாக நிரம்ப நேரம் கிடைக்காமலே மறுபடி வடியும் ஈய பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். இது எங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனாலும் கீழ் சுவிட்சின் இரண்டு பவர் சப்ளைகளும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகப்பட்டிருந்தன. அந்த யூபிஎஸ்ஸின் பேட்டரி மூன்று வருடப் பழையது.

வெள்ளி இரவு பத்து மணிக்கு வழக்கமான முறைப்படி மின்சாரம் போனது. ஒவ்வொரு நோட்டிலும் ஒரு கேபிள் இறங்கி, சில நிமிடங்களில் மீண்டும் எழுந்ததாகக் கண்காணிப்பில் எச்சரிக்கைகள் வந்தன. எல்லாம் தாமாகவே பச்சைக்குத் திரும்பின. பணியில் இருந்தவர் அவற்றை மூடிவிட்டார். நானாக இருந்தாலும் மூடியிருப்பேன். இரட்டை இணைப்பு வைத்திருப்பதே அதற்குத்தானே!

சனி காலை ஆறரைக்கு முதல் புகார். ஒரு மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கம் "சுற்றிக்கொண்டே இருக்கிறது". இரண்டு முறை புதுப்பித்தால் வருகிறது. அடுத்த புகார், சரக்குக் கணக்கில் ஒரு பொருளைத் தேடினால் வருகிறது, முழுப் பட்டியலைக் கேட்டால் வருவதில்லை. மூன்றாவது எங்கள் சொந்த அனுபவம்: ஒரு விஎம்மிலிருந்து இன்னொன்றுக்கு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) போட்டால், விசைப் பரிமாற்றத்தில் மறுபக்கத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் வரியில் அப்படியே நின்றுவிடுகிறது. கன்ட்ரோல்-சி அடித்துவிட்டு மறுபடி போட்டால் உடனே உள்ளே போகிறது.

என்னுடன் பணியில் இருந்தவன் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பையன். 1860-ல் தொடங்கிக் கப்பல் கப்பலாக வந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த குடும்பம். தமிழ் எழுத்து தெரியாது, ஆனால் அண்ணா, ஆயா, பெரியம்மா எல்லாம் வீட்டில் அப்படியே இருக்கின்றன. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான், எனக்கு அவன் தம்பி. திரையைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணா, இது எம்டியு மாதிரி இருக்கு." சின்னது போகிறது, பெரியது நிற்கிறது. டிசிபியின் (இணைப்பு ஏற்படுத்தித் தரவை அனுப்பும் நெறிமுறை) ஆரம்பக் கைகுலுக்கல் சிறிய பாக்கெட்டுகள், அது முடிகிறது. சர்வர் தன் சான்றிதழை அனுப்பும்போது முழு அளவு பாக்கெட்டுகள் வருகின்றன. அவை காணாமல் போகின்றன. பாடப் புத்தகத்தில் இருக்கும் அறிகுறி.

சரி, சோதித்துவிடலாம் என்று இரண்டு விஎம்களை எடுத்தோம், வெவ்வேறு நோட்களில் இருப்பவை. பிங்கில் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) 1472 பைட், துண்டாக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. ஐபி தலைப்பு 20, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி நெறிமுறையின் தலைப்பு 8 சேர்ந்தால் சரியாக 1500. நூறு அனுப்பினோம், நூறும் திரும்பி வந்தன. ஒன்றுகூட இழக்கவில்லை.

அவன் முகம் விழுந்துவிட்டது. நானும், "அப்போ எம்டியு இல்லை, வேற பார்ப்போம்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்குக் கொடுத்த விலை கிட்டத்தட்ட நாற்பது மணி நேரம்.

அதன்பின் தேடியதை எல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றில் எதுவும் இல்லை. செக்யூரிட்டி குரூப் விதிகள், கனெக்‌ஷன் டிராக்கிங் அட்டவணை நிரம்பியதா என்பது, கார்டின் செக்சம் ஆஃப்லோடை அணைத்துப் பார்த்தது, ஒரே ஐபி இரண்டு விஎம்களுக்கு விழுந்ததா என்பது. எல்லாம் சுத்தம். ஓப்பன் விஸ்விட்ச் ஏஜென்டை ஒரு நோட்டில் ரீஸ்டார்ட் செய்தோம். அதோடு அந்த நோட்டில் இருந்த ஒரு வாடிக்கையாளர் தன் செயலியையும் ரீஸ்டார்ட் செய்தார். "இப்போ நல்லா இருக்கு" என்று செய்தி வந்தது. உடனே மற்ற ஏழு நோட்களிலும் அதையே செய்தோம். சிலருக்குச் சரியானது, சிலருக்கு இல்லை, சரியாக இருந்த இருவருக்குப் புதிதாகக் கெட்டது.

இந்த ரீஸ்டார்ட் எங்களை ஏமாற்றிய விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். செயலி ரீஸ்டார்ட் ஆனால் அதன் டிசிபி இணைப்புகள் புதிதாகப் பிறக்கின்றன. புதிய இணைப்புக்குப் புதிய மூலப் போர்ட் எண். விஎக்ஸ்லானில் வெளி உறையின் யூடிபி மூலப் போர்ட், உள்ளே இருக்கும் இணைப்பின் விவரங்களிலிருந்து ஹாஷ் செய்து எடுக்கப்படுகிறது. ஒரே இரண்டு நோட்களுக்கு இடையே போகும் போக்குவரத்தும் பல பாதைகளில் பரவ வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வகுத்திருக்கிறார்கள். ஆகவே உள்ளே போர்ட் மாறினால் வெளியே போர்ட் மாறும், வெளியே போர்ட் மாறினால் கேபிள் மாறக்கூடும். நாங்கள் எதையும் சரிசெய்யவில்லை. ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் சீட்டை மறுபடி குலுக்கிக்கொண்டிருந்தோம்.

இது புரிந்தது ஞாயிறு மாலை. அதற்கான வழி வந்தது சர்வர் அறைக்கு வெளியிலிருந்து.

ஞாயிறு அன்று தம்பியின் வீட்டார் சார்பில் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். இங்கே ஆடி மாத ஞாயிறுகளில் அம்மன் கோயில்களில் அது பெரிய விஷயம். விடுப்புச் சொல்லியிருந்தான், நானும் போகச் சொல்லிவிட்டேன். ஆனால் மனசு கேட்காமல் மதியம் போனில் கூப்பிட்டான். பின்னால் உடுக்கைச் சத்தம், யாரோ "இன்னும் ரெண்டு பக்கெட்" என்று கத்துவது கேட்கிறது. "அண்ணா, ஒரே பக்கத்தை நாற்பது தடவை கேட்டுப் பாருங்க. எத்தனை வருது, எத்தனை நிக்குதுன்னு எண்ணுங்க. நாம ஒருதடவைகூட எண்ணலையே" என்றான்.

அவன் சொன்னது சரி. அதுவரை எல்லாரும் "சில சமயம்" என்றே பேசிக்கொண்டிருந்தோம். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, கர்ல் (பக்கத்தைக் கேட்கும் கட்டளை) வைத்து, ஒரு விஎம்மிலிருந்து இன்னொரு விஎம்மின் பக்கத்தை நாற்பது முறை கேட்டேன். இருபத்திரண்டு வந்தன, பதினெட்டு நின்றன. வந்தவை எல்லாம் முப்பது மில்லி வினாடிக்குள் முழுமையாக வந்தன. நின்றவை முப்பது வினாடி காத்திருந்தும் வரவே இல்லை. தாமதமாக வந்தது என்று ஒன்றுகூடக் கிடையாது.

பாக்கெட் ஆங்காங்கே உதிரும் நெட்வொர்க் இப்படி நடக்காது. அங்கே டிசிபி மறுபடி அனுப்பும். மெதுவாகவாவது வந்து சேரும். இது கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி, வந்தால் முழுசு, இல்லையென்றால் சுத்தமாக இல்லை. எங்களிடம் இரண்டாக இருப்பது எது? நோட்டுக்கு இரண்டு கேபிள், ரேக்குக்கு இரண்டு சுவிட்ச்.

அப்போதுதான் சனிக்கிழமைச் சோதனை வேறு வெளிச்சத்தில் தெரிந்தது. பிங்குக்குப் போர்ட் எண் இல்லை. அந்த இரண்டு விஎம்களுக்கு நடுவே ஓடிய பிங்குக்கு ஹாஷ் கணக்கில் மாறும் எண் எதுவும் கிடையாது. நூறு பாக்கெட்டும் ஒரே கேபிளில்தான் போயிருக்கும். நூறு முறை சோதித்தோம் என்று நினைத்தோம். உண்மையில் ஒரு பாதையை நூறு முறை பார்த்திருந்தோம்.

இரவு ஒன்பது மணிக்கு அதே 1472 பைட் பிங்கை எட்டு நோட்களிலும் ஒவ்வொரு விஎம் எடுத்து, எல்லா ஜோடிகளுக்கும் ஓட்டினேன். எட்டு நோட்களுக்கு இருபத்தெட்டு ஜோடிகள். சில ஜோடிகளில் ஒன்றுகூடத் தவறாமல் போனது, மற்றவற்றில் ஒன்றுகூடப் போகவில்லை. போகாத ஜோடிகளில் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 1423 போகவில்லை. 1422 போனது. 1422-உடன் 28 கூட்டினால் 1450. அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது கை நடுங்கியது என்று சொன்னால் மிகையில்லை. 1500-லிருந்து 50 கழித்தால் வரும் எண் அது.

மிச்சம் இருந்தது இடத்தைக் கண்டுபிடிப்பது. கெட்ட ஜோடி ஒன்றில் பிங்கை ஓடவிட்டு, அனுப்பும் நோட்டின் இரண்டு கேபிள்களிலும் தனித்தனியாக டிசிபிடம்ப் (ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) போட்டேன். பிங்கை வைத்தே இதைச் செய்தது நல்லதாகப் போயிற்று. டிசிபியாக இருந்தால் பெரிய தரவை நெட்வொர்க் கார்டே துண்டு போடும் டிஎஸ்ஓ வசதி இயங்கும்போது டிசிபிடம்ப் காட்டும் அளவு கேபிளில் ஓடும் அளவாக இருக்காது; கார்டு அதற்குப் பிறகுதான் துண்டு போடுகிறது. பிங்கில் அந்தக் குழப்பம் இல்லை. 1564 பைட் ஃபிரேம் (1550-உடன் வெளி ஈதர்நெட் தலைப்பு 14) ஒவ்வொன்றும் இரண்டாவது கேபிளில், கீழ் சுவிட்சை நோக்கி ஒழுங்காகக் கிளம்பியது. பெறும் நோட்டில் ஒன்றும் வந்து சேரவில்லை. இரண்டு நோட்களின் பிழைக் கணக்குகளிலும் பூஜ்யம். அனுப்பியவர் அனுப்பிவிட்டார், பெறுபவருக்கு ஒன்றும் வரவில்லை. புகார் சொல்ல அங்கே யாருமில்லை. நடுவில் ஒரு ரவுட்டர் இருந்திருந்தால், துண்டாக்க வேண்டும் என்று ஐசிஎம்பி செய்தியாவது அனுப்பியிருக்கும். இரண்டாம் அடுக்கில் இயங்கும் சுவிட்ச் அப்படி எதுவும் சொல்லாது. பெரிதாக இருப்பதைக் கீழே போட்டுவிட்டு, தன் கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்ளும்.

அந்தக் கணக்கு கீழ் சுவிட்சில் இருந்தது. உள்ளே போய்ப் போர்ட் (இங்கே கேபிள் செருகும் துளை) விவரத்தைக் கேட்டேன். அளவு மீறிய ஃபிரேம்கள் என்ற வரியில் ஒரு பெரிய எண். பத்து வினாடி கழித்துப் பார்த்தால் பத்து கூடியிருந்தது. பிங் வினாடிக்கு ஒன்று போய்க்கொண்டிருந்தது. போர்ட்டின் எம்டியு 1500. மேல் சுவிட்சில் 9216. அப்டைம், அதாவது கடைசியாக எழுந்து எத்தனை நாள் என்று கேட்டேன். மேல் சுவிட்ச்: 431 நாள். கீழ் சுவிட்ச்: 2 நாள். வெள்ளி இரவு மின்சாரம் போனபோது பேட்டரி தாங்காமல் அது அணைந்து எழுந்திருக்கிறது.

உடனே கீழ் சுவிட்சில் நோட்கள் செருகப்பட்ட போர்ட்டுகளை ஒவ்வொன்றாக மூடினேன். எல்லாப் போக்குவரத்தும் மேல் சுவிட்சுக்கு நகர்ந்தது. நாற்பது கர்ல் ஓட்டினேன்: நாற்பதும் வந்தன. நேரம் திங்கள் அதிகாலை 1.20. தம்பிக்கு "கீழ் சுவிட்ச், எம்டியு" என்று மட்டும் செய்தி போட்டேன். தூங்காமல்தான் இருந்தான். "நான் முதல்ல சொன்னேன்ல அண்ணா" என்று பதில். சொன்னான்தான்.

கீழ் சுவிட்ச் ஏன் 1500-க்குத் திரும்பியது? சுவிட்சில் நாம் மாற்றுவது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை. அதை நினைவகத்தில் சேமிக்கச் சொன்னால்தான் மறுபடி எழும்போதும் இருக்கும். எம்டியுவை உயர்த்திய வேலையைச் செய்தவன் நான். பழைய வேலைக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து: "மேல்: 9216, சேமித்தாயிற்று. கீழ்: 9216." அதோடு அந்த வரி நிற்கிறது. அடுத்த வரி மறுநாள் தேதியில் தொடங்குகிறது. அன்றிரவும் நடுவில் மின்சாரம் போய், அறையின் விளக்குகள் அணைந்து, ஜெனரேட்டர் பக்கம் ஓடியது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து, விஎம்கள் 1500-ல் நன்றாகப் பேசுகின்றன என்று சோதித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். சோதனை உண்மைதான், அந்த நேரத்தில் இரண்டு சுவிட்சிலும் 9216 ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு கட்டளை விடுபட்டது ஒரு வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அந்தச் சுவிட்ச் அதுவரை ஒருமுறைகூட அணையவில்லை.

வாடிக்கையாளர்களுக்குப் போன அறிக்கையில் இதை அப்படியே எழுதினேன். பேட்டரி செத்ததால் வந்த கோளாறு என்று மட்டும் எழுதியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நல்ல பேட்டரி இருந்திருந்தாலும், சுவிட்சுக்கு அடுத்த மென்பொருள் புதுப்பிப்பு போட்ட நாளில் இதே கதைதான் நடந்திருக்கும்.

திங்கள் மாலை கீழ் சுவிட்சில் எம்டியுவைப் போட்டு, சேமித்து, போர்ட்டுகள் மூடியிருக்கும்போதே அதை வேண்டுமென்றே ரீபூட் செய்தோம். எழுந்தபின் 9216 இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போர்ட்டுகளைத் திறந்தோம். இரண்டு சுவிட்சுகளின் பவர் சப்ளைகளையும் தனித்தனி யூபிஎஸ்களுக்குப் பிரித்தோம். பேட்டரிகள் அந்த வாரமே மாறின. ஓடும் அமைப்பையும் சேமித்த அமைப்பையும் தினமும் ஒப்பிட்டு, வேறுபட்டால் கூவும் ஒரு ஸ்கிரிப்டைத் தம்பி எழுதினான். அளவு மீறிய ஃபிரேம் கணக்கு பூஜ்யத்திலிருந்து நகர்ந்தாலே இப்போது எச்சரிக்கை வரும். அப்டைம் குறைந்தாலும் வரும், அது தானாகப் பச்சைக்குத் திரும்பாது. ஒருவர் வந்து பார்த்து மூட வேண்டும்.

டிசிபியே பாதையின் அளவைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதி லினக்ஸில் இருக்கிறதே, விஎம்களில் அதை இயக்கிவிடலாமே என்று ஒருவர் கேட்டார். இயக்கலாம், பக்கங்கள் மெதுவாக வந்திருக்கும். ஆனால் ஒரு சுவிட்ச் பாக்கெட்டுகளை விழுங்கிக்கொண்டிருப்பது இன்னும் பல மாதம் தெரியாமல் போயிருக்கும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது புதிய சோதனைதான். எட்டு நோட்களிலும் ஒரு குட்டி விஎம் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவை ஒவ்வொன்றும் மற்ற ஏழுக்கும் 1500 பைட் யூடிபி பாக்கெட்டுகளை, துண்டாக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு, 64 வெவ்வேறு மூலப் போர்ட்டுகளிலிருந்து அனுப்புகின்றன. பெற்ற பக்கம் அதே அளவில் திருப்பி அனுப்பும். 64 போர்ட்டுகளும் ஒரே கேபிளில் விழ வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். முடிவு ஒரு கட்டமாகத் திரையில் நிற்கும்: எட்டு வரி, எட்டு பத்தி, தனக்குத்தானே என்ற எட்டு இடங்கள் காலி.

அடுத்த வியாழன் இரவு மறுபடி லோட் ஷெட்டிங். முறை எங்கள் பகுதிக்கு வரும் நேரத்தில் இருவரும் அறையிலேயே இருந்தோம். மின்சாரம் போனது, பதினைந்து வினாடி, ஜெனரேட்டர் எழுந்தது. இரண்டு சுவிட்சுகளும் அசையவில்லை. அது போதாது என்று, நான் கீழ் சுவிட்சின் இரண்டு மின்கம்பிகளையும் கையால் பிடுங்கி, மறுபடி செருகினேன். ஆறு நிமிடம் கழித்து அது எழுந்து, கேபிள்கள் ஒவ்வொன்றாக ஏறின. அடுத்த சுற்றுச் சோதனை ஓடியது. ஐம்பத்தாறு கட்டங்கள், எல்லாவற்றிலும் 64. தம்பி குறிப்பேட்டை எடுத்துப் புதுப் பக்கத்தில் இரண்டு பத்திகள் கிழித்தான். ஒன்றின் தலையில் "மாற்றியது", இன்னொன்றில் "சேமித்தது" என்று எழுதித் தரச் சொன்னான், தமிழிலேயே. எழுதிக் கொடுத்தேன்.